மெல்லிய தகட்டில் பிசிறில்லா வெட்டு: ஆம்பியரா, வேகமா, காற்றா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வரை வீட்டு வாசல்கள் மாறிவருகின்றன. கம்பியை வளைத்துப் பற்றவைத்த பழைய கிரில் கேட்டுகளுக்குப் பக்கத்திலேயே, ஒரே தகட்டில் மயிலும் கொடியும் மாங்காய் வடிவமும் துளைத்தெடுத்த கேட்டுகள் நிற்கின்றன. இவற்றுக்கு 'சி.என்.சி. கட்டிங்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சிலவற்றை லேசர் வெட்டுகிறது, சிலவற்றைப் பிளாஸ்மா வெட்டுகிறது. கேட் மட்டுமல்ல, ஏ.சி. குழாய்களுக்கான ஜி.ஐ. தகடு, மின்பெட்டி, கடைப் பலகை, வண்டிகளின் பாடி வேலை என்று மெல்லிய எஃகுத் தகட்டைப் பிளாஸ்மாவில் வெட்டும் பட்டறைகள் தமிழகம் முழுவதும் இருக்கின்றன.

அத்தனை பட்டறைகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையிலான தகட்டை, அடியில் கசடு ஒட்டாமல், விளிம்பு சாயாமல், தகடு நெளியாமல் வெட்டியெடுக்க இயந்திரத்தை எந்த அளவில் வைக்க வேண்டும்? இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் பல. ஒவ்வொன்றும் அது பிறந்த சூழலில் சரியானதே. சூழல் மாறும்போதுதான் பிசகுகிறது. உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த செங்கல்பட்டுக் கடலோரம் அப்படி மாறிய சூழல்களில் ஒன்று.

தடித்த தகட்டுக்குப் பிறந்த கருவி

பிளாஸ்மா வெட்டு மெல்லிய எஃகுக்காக உருவானதல்ல. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் பணியாற்றிய ராபர்ட் கேஜ் 1955-இல் விண்ணப்பித்து 1957-இல் பெற்ற காப்புரிமையே இதன் தொடக்கம். மின்வில்லைக் குறுகிய துளை வழியே நெருக்கிச் செலுத்தினால் அது உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளும் தாரையாகிறது. அலுமினியத்தையும் துருப்பிடிக்காத எஃகையும் கேஸ் கட்டிங்கால் வெட்ட முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது வந்தது.

சாதாரண எஃகை இது மலிவாக வெட்டக் காற்று கைகொடுத்தது. 1960-களில் காற்றையே பிளாஸ்மா வாயுவாக்கினார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் டங்ஸ்டனை எரித்துவிடும் என்பதால், எலக்ட்ரோடின் முனையில் ஹாஃப்னியம் போன்ற உலோகத்தைப் பொதிய வேண்டியிருந்தது. 1968-இல் தொடங்கிய ஹைப்பர்தெர்ம் நிறுவனம் நீரைச் செலுத்தி வில்லை மேலும் நெருக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1980-களில் ஆக்சிஜன் பிளாஸ்மாவும், தூக்கிச் செல்லக்கூடிய சிறிய காற்றுப் பிளாஸ்மா இயந்திரங்களும் பரவின. மெல்லிய தகட்டு வேலை பிளாஸ்மாவிடம் வந்து சேர்ந்தது இந்தச் சிறிய இயந்திரங்களால்தான். வெட்டுக்கத்தி நேர்கோட்டை மட்டுமே வெட்டும். கேஸ் கட்டிங்கில் 3 மி.மீ.-க்குக் கீழே போனால் தகடு உருகிக் கோணிவிடும். வளைகோடுகளுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

ஆய்வாளர்களான வலேரியன் நெம்சின்ஸ்கியும் செவரன்ஸும் 2006-இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் இத்துறையை முழுதாக அலசினார்கள். பிளாஸ்மா வெட்டு பற்றி நமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு. காப்புரிமைக்கு அரை நூற்றாண்டு கழித்தும் அப்படியொரு தலைப்பு பொருத்தமாக இருந்தது.

ஆம்பியரைக் குறைப்போர்

பட்டறைகளில் முதலில் கேட்கும் விடை இதுதான்: தகடு மெல்லியது, ஆகவே ஆம்பியரைக் குறை. கையில் டார்ச்சைப் பிடித்து வெட்டுபவருக்கு இது நியாயமான வழி. 45 ஆம்பியரில் 1 மி.மீ. தகட்டுக்கு நிமிடத்துக்கு 6 மீட்டருக்கும் மேலான வேகம் வேண்டும். அதாவது நொடிக்கு 10 செ.மீ. நேர்கோட்டில்கூட எந்தக் கையாலும் அதைச் சீராகத் தர முடியாது. 20, 25 ஆம்பியருக்கு இறங்கினால் கைக்கு எட்டும் வேகம் கிடைக்கும்.

இந்த விடையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது நாசில். ஒவ்வொரு நாசிலின் துளையும் ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்துக்காகத் துளைக்கப்பட்டது. 60 ஆம்பியர் நாசிலை மாட்டிவிட்டு 25 ஆம்பியரில் ஓட்டினால் வில் நெருக்கப்படாமல் அகன்று, வெட்டும் அகன்று, விளிம்பு மழுங்கும். மாறாக, சிறிய நாசிலில் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் வில் நாசில் வழியாகவே இரட்டையாகப் பாய்ந்து துளையை நெளித்துவிடும். ஆகவே ஆம்பியரைத் தொடும்போதெல்லாம் நாசிலையும் மாற்றவேண்டும். மெல்லிய வேலைக்கென்றே சிறு துளையோடு விற்கப்படும் நாசில் தொகுதிகள் வந்ததும் இதனால்தான்.

இரண்டாவது ஓட்டை வெப்பம். குறைந்த ஆம்பியர் என்றால் குறைந்த சூடு என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். 45 ஆம்பியர், 125 வோல்ட், நொடிக்கு 100 மி.மீ. என்று கொண்டால் ஒரு மில்லிமீட்டர் வெட்டுக்கு வில் செலவிடும் ஆற்றல் சுமார் 56 ஜூல். 25 ஆம்பியர், 120 வோல்ட், நொடிக்கு 33 மி.மீ. என்றால் சுமார் 90 ஜூல். மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியானாலும் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆற்றல் முழுவதும் தகட்டில் தங்குவதில்லை, தாரையோடு பெரும்பகுதி வெளியேறுகிறது. ஆயினும், தகடு நெளிவதற்கு ஆம்பியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதை இந்த எளிய கணக்கே காட்டிவிடுகிறது.

வேகமே விடை என்போர்

இயந்திரத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் இரண்டாவது தரப்பைச் சேர்ந்தவை. ஒவ்வொரு தடிமனுக்கும் கசடில்லாத வேகங்களின் ஓர் இடைவெளி உண்டு, அதற்குள் ஓட்டு என்பது இவர்களின் வாதம். அந்த இடைவெளிக்குக் கீழே போனால் வில் அகன்று, உருகிய உலோகத்தைத் தள்ளும் விசை போதாமல், அடியில் பெரிய குமிழ்களாகக் கசடு தொங்கும். தட்டினால் உதிர்ந்துவிடும் கசடு அது. இடைவெளிக்கு மேலே போனால் வில் பின்தங்கி வளைந்து, மெல்லிய கோடாகக் கெட்டிக் கசடு ஒட்டும். அதைக் கிரைண்டர் வைத்துத்தான் எடுக்கவேண்டும். கசடின் வடிவத்தைப் பார்த்தே வேகம் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடலாம் என்பது இந்தத் தரப்பு தந்த மிகப் பயனுள்ள பாடம். கருவி எதுவும் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பாடமும்கூட.

மெல்லிய தகட்டில் இந்த வாதம் தடுமாறுவது டார்ச்சை நகர்த்தும் மேசையில். 6 மீட்டர் வேகம் என்று திரையில் எழுதிவிடலாம். மேசை அதை எட்ட வேண்டுமே. நொடிக்கு நொடி 0.3 மீட்டர் அளவில் வேகம் கூட்டும் இலேசான மேசை ஒன்று, நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 10 செ.மீ. வேகத்தை அடைய 17 மி.மீ. ஓடவேண்டும், குறைக்கவும் இன்னொரு 17 மி.மீ. வேண்டும். மயிலின் கொண்டையிலோ கொடியின் சுருளிலோ 34 மி.மீ. நேரோட்டம் எங்கே இருக்கிறது? அட்டவணை சொன்ன வேகத்தை இயந்திரம் அந்த வேலை முழுவதிலும் ஒருமுறைகூடத் தொடாமல் போகலாம். வெட்டுபவர் அட்டவணைப்படி ஓட்டுவதாக நினைத்திருப்பார், தகடோ மெதுவான வெட்டின் கசடோடு வெளியே வரும்.

சித்திர வேலைகளில் கசடு மூலைகளிலும் சுருள்களிலும் மட்டும் சேர்வதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. அப்படியானால் நுணுக்கமான வடிவத்துக்குக் குறைந்த ஆம்பியரும், மேசையால் உண்மையிலேயே தாங்க முடிந்த வேகமும், நீண்ட நேர்கோட்டுக்கு உயர்ந்த ஆம்பியரும் என ஒரே தகட்டுக்கு இரண்டு அமைப்புகள் தேவைப்படும். முதல் தரப்பும் இரண்டாம் தரப்பும் மோதுவது போலத் தெரிந்தாலும் அவை வெவ்வேறு வடிவங்களைப் பற்றிப் பேசுகின்றன.

அட்டவணையைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நம் ஊரில் தகடு வாங்குவது பெரும்பாலும் கேஜ் கணக்கில். இங்கே பழகிய பிரிட்டிஷ் கம்பிக் கேஜ்படி 16 கேஜ் 1.63 மி.மீ. அமெரிக்கத் தகட்டுக் கேஜ்படி அதுவே 1.52 மி.மீ. 14 கேஜில் முறையே 2.03, 1.90. அமெரிக்க அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்பவர் தொடக்கத்திலேயே விலகிவிடுகிறார். கேஜை விட்டுவிட்டு மைக்ரோமீட்டரில் தடிமனை அளப்பதே பத்திரம்.

வெட்டும் திசையையும் இந்தத் தரப்பு முறைப்படுத்தியிருக்கிறது. வாயு சுழன்று வெளிவருவதால், வழக்கமான டார்ச்சில் பயணத் திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராகவும் இடப்பக்கம் சாய்ந்தும் அமையும். எனவே வெளி எல்லையைக் கடிகாரச் சுற்றிலும், உள்துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்டவேண்டும். கேட் தகட்டில் துளைகள்தானே அதிகம்! திசை தவறினால் நல்ல விளிம்பு கழிவுத் துண்டோடு போய்விடும்.

உயரத்தைப் பிடிப்போர்

தகட்டுக்கும் டார்ச்சுக்கும் இடையிலான தூரமே எல்லாம் என்பது மூன்றாவது தரப்பு. மெல்லிய வேலையில் அது பெரும்பாலும் ஒன்றரை மி.மீ. அளவில்தான் இருக்கும். உயர்ந்தால் விளிம்பின் மேல்பக்கம் அகன்று சரியும், தாழ்ந்தால் சரிவு திரும்பும், சில நேரம் டார்ச் தகட்டில் உரசும். வில்லின் நீளம் கூடினால் மின்னழுத்தமும் கூடும் என்ற தொடர்பைக் கொண்டு, வோல்ட்டைப் படித்து டார்ச்சை ஏற்றி இறக்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டை இவர்கள் முன்வைத்தார்கள்.

தடித்த தகட்டில் இது அருமையாக வேலை செய்கிறது. மெல்லிய தகட்டில் இரண்டு சிக்கல்கள். மூலையில் மேசை மெதுவாகும்போது வெட்டு அகன்று வோல்ட் ஏறும், கட்டுப்பாடு அதை உயரம் என்று தவறாக எண்ணி டார்ச்சைக் கீழே குத்தும். ஆகவே மூலைகளில் அதைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. எலக்ட்ரோடு தேயத் தேய முனையில் குழி ஆழமாகி, அதே உயரத்திலேயே வோல்ட் கூடுதலாகக் காட்டும். காலையில் சரியாக இருந்த எண் மாலையில் டார்ச்சைத் தாழ்த்திவிடும். சூட்டில் மேலெழும்பும் தகட்டுக்குக் கட்டுப்பாடு இன்றியமையாதது என்பதையும் மறுக்க முடியாது. சிறு சித்திரங்களில் பூட்டிய உயரம், பெரிய தகடுகளில் தானியங்கி உயரம் என்ற நடுவழியே நடைமுறையில் நிற்கிறது.

காற்று: கடலோரத்தின் தனிக் கணக்கு

வெட்டும் வாயுவைப் பற்றிய விவாதம் பொதுவாக ஆக்சிஜனா காற்றா என்று தொடங்கும். ஆக்சிஜன் எஃகோடு வினைபுரிந்து கூடுதல் வெப்பம் தருகிறது, கசடில்லாத வேக இடைவெளியையும் அகலப்படுத்துகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது வெட்டு விளிம்பில் கரைந்து கெட்டியாக்கும், அந்த விளிம்பை அப்படியே பற்றவைத்தால் வெல்டில் துளைகள் விழும், லேசாகக் கிரைண்ட் செய்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். சிலிண்டர் செலவைப் பார்த்தால் சிறிய பட்டறைகள் காற்றோடு நிற்பதில் வியப்பில்லை.

இந்தக் கரையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தக் காற்று எவ்வளவு உலர்ந்தது?

கணக்கு இப்படிப் போகிறது. 45 ஆம்பியர் வகை இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 லிட்டர் காற்று கேட்கும், மணிக்குப் பதினொன்றரைக் கன மீட்டர். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். ஆக ஒரு மணி நேரம் இடைவிடாமல் வெட்டினால் கம்ப்ரஸர் உறிஞ்சுவது கால் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர். காற்றை அழுத்திக் குளிர்விக்கும்போது பெரும்பகுதி தொட்டியில் விழுந்துவிடும். ஆனால் சிறிய கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும்போது தொட்டியே சூடாக இருக்கிறது. தொட்டிக் காற்று 45 டிகிரியிலும் 8 பார் அழுத்தத்திலும் இருந்தால் மணிக்கு 80 கிராம் அளவு நீர் ஆவியாகவே குழாய்க்குள் நுழையும், குழாய் ஆறும் இடத்தில் துளியாகும். அந்தத் துளி வில்லை எட்டும்போது வில் பொரிகிறது, விளிம்பு சிதறுகிறது, ஹாஃப்னியமும் நாசிலும் வேகமாகத் தேய்கின்றன.

அழுத்தக் காற்றின் தூய்மைக்கு ஐ.எஸ்.ஓ. 8573-1 என்ற தரம் இருக்கிறது. நல்ல பிளாஸ்மா இயந்திரங்களுக்கான பரிந்துரைகள் ஈரத்தில் அதன் இரண்டாம் வகுப்பைக் கேட்கின்றன, பனிநிலை (ஆவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி. பரவலாக விற்கும் குளிர்சாதன டிரையர் தருவது பிளஸ் 3 டிகிரி, நான்காம் வகுப்பு. கம்ப்ரஸரை ஒட்டித் தொங்கும் கண்ணாடிக் குடுவை ஃபில்டர் துளிகளைப் பிடிக்குமே தவிர ஆவியைத் தொடாது. மைனஸ் 40-ஐ எட்ட சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சி வைத்த டிரையர் வேண்டும்.

பரிந்துரைக்கும் பட்டறைக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, ஆம்பியரையும் வேகத்தையும் திருகித் திருகிப் பார்ப்பதில் பலன் குறைவு. கோடையில் நன்றாக ஓடிய அமைப்பு ஐப்பசி, கார்த்திகை மழையில் பிசகுவதாகத் தோன்றினால், எண்ணைத் தொடுமுன் தொட்டியின் வடிகால் குழாயைத் திறந்து பார்ப்பது நல்லது. அடியில் ஒரு வடிகால், டார்ச்சுக்கு முன்னால் ஆறுவதற்குப் போதிய நீளக் குழாய், கடைசியில் உறிஞ்சி டிரையர் என்ற வரிசை மலிவானதல்ல. ஆனால் இந்தக் கரையில் நாசில் செலவைக் குறைக்க அதைவிடத் தெளிவான வழி வேறில்லை.

புள்ளியியலின் பங்கு

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழகம் உட்பட இந்தியப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து பிளாஸ்மா வெட்டு பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சியின் முறையே பலவற்றின் அடிப்படை. மூன்று காரணிகளை மூன்று அளவுகளில் சோதிக்க 27 வெட்டுகள் தேவைப்படும் இடத்தில் 9 வெட்டுகளில் போக்கைக் கணிக்க இது உதவும். பட்டறைக்கும் பொருந்தும் சிக்கனம் இது. பலவீனமும் அங்கேயே பிறக்கிறது. காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கும்போது 9 வெட்டுகளால் அதைப் பிரித்தறிய முடியாது, ஆம்பியரும் வேகமும் அப்படிப் பின்னிக் கிடப்பவை. நாசில் தேய்மானத்தையும் காற்றின் ஈரத்தையும் அளக்காமல் விட்ட சோதனையின் 'சிறந்த அமைப்பு' அந்த இயந்திரத்துக்கு, அந்த நாளுக்கு மட்டுமே செல்லும்.

'சுத்தம்' என்பதை எதைக் கொண்டு அளப்பது

வெப்ப வெட்டுகளுக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 9013. அதன் 2017 பதிப்பு பிளாஸ்மாவில் 0.5 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை ஏற்கிறது. விளிம்பின் செங்குத்துத் தன்மையை ஐந்து வரிசைகளாகப் பிரிக்கிறது. 1.6 மி.மீ. தகட்டுக்கு அதன் சூத்திரங்களைப் போட்டால் முதல் வரிசையில் 0.05 மி.மீ., மூன்றாவதில் 0.42, ஐந்தாவதில் 1.26 மி.மீ. விலகல் அனுமதி. ஐந்தாம் வரிசை கிட்டத்தட்டத் தகட்டின் தடிமனையே விட்டுக்கொடுக்கிறது. கசடுக்கோ அது எண் வரம்பு எதையும் வகுக்கவில்லை. தடித்த தகட்டை மனத்தில் வைத்த அளவுகோல் மெல்லிய தகட்டில் பிடிமானம் இழப்பதை இங்கே காணலாம்.

கடற்கரையில் இன்னோர் அளவுகோலும் சேர்கிறது, துரு. வண்ணப்பூச்சு கூரான விளிம்பிலிருந்து பின்வாங்கும் இயல்புடையது. அதனால் துரு பெரும்பாலும் வெட்டு விளிம்பில்தான் தொடங்கும். பூச்சுக்கு முன் எஃகைத் தயாரிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 8501-3 தரத்தின் உயர்ந்த நிலை விளிம்பைக் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்கிறது. 1.6 மி.மீ. தகட்டில் அது நடவாத காரியம். விளிம்பின் கூர்மையை மழுக்கி, கசடையும் ஆக்சைடுத் தோலையும் நீக்கி, விளிம்புகளுக்குத் தூரிகையால் தனியாக ஒரு கை பிரைமர் அடிப்பதுதான் எஞ்சும் வழி. அப்படிப் பார்த்தால் கடலோர கேட்டுக்குச் சற்றுச் சரிந்தாலும் கசடற்ற விளிம்பு, நேராக நின்றும் கெட்டிக் கசடு பிடித்த விளிம்பைவிட மேலானது.

உழைப்பவரின் கணக்கையும் இதில் சேர்க்கவேண்டும். கெட்டிக் கசடு என்றால் நூற்றுக்கணக்கான சிறு துளைகளுக்குள் கிரைண்டரோடு குனிந்து கழியும் மணிநேரங்கள். ஜி.ஐ. தகடு என்றால், 907 டிகிரியிலேயே ஆவியாகும் துத்தநாகப் பூச்சின் வெண்புகை. அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வரலாம். புகை உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாத இடத்தில் எந்த அமைப்பையும் நல்ல அமைப்பு என்று சொல்வதற்கில்லை.

தீராமல் நிற்பவை

தரப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை தென்படுகிறது: உலர்ந்த காற்று, ஆம்பியருக்கேற்ற புதிய நாசில், மேசை உண்மையில் எட்டும் வேகம், அந்த வேகத்துக்கேற்ற ஆம்பியர், கடைசியாக உயரத்தின் நுண்திருத்தம். அட்டவணைகள் ஆம்பியரில் தொடங்குகின்றன. செங்கல்பட்டுக் கரையில் காற்றில் தொடங்குவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. வேறிடத்தில், உலர்ந்த கொங்குப் பகுதியில் வலுவான மேசையோடு வெட்டுபவருக்கு, இந்த வரிசை மாறக்கூடும்.

தீராதவை மூன்று. குறைந்த ஆம்பியரில் கசடில்லாத வேக இடைவெளி எதனால் சுருங்குகிறது என்பதற்கான இயற்பியல் விளக்கம் முழுமையடையவில்லை. எஃகின் வேதிக்கலவை, மேல்தோல், உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சுட்டுகிறார்கள். கடல் உப்பு கலந்த காற்று வெட்டு விளிம்பையும் ஹாஃப்னியத்தையும் தனியாகப் பாதிக்கிறதா, அல்லது பாதிப்பு முழுவதும் ஈரத்தால்தானா என்பதைப் பிரித்துக் காட்டும் சோதனை தேவை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் திருச்சி வெல்டிங் ஆய்வு நிறுவனமும் உள்ள மாநிலத்துக்கு இது எட்டாத வேலையல்ல.

மூன்றாவது லேசர். ஃபைபர் லேசர் மெல்லிய தகட்டில் பிளாஸ்மாவைவிடக் குறுகலாகவும் நேராகவும் வெட்டுகிறது, அதன் விலையும் இறங்கிவந்திருக்கிறது. நுணுக்கமான கேட் வேலை கூலிக்கு லேசர் வெட்டும் இடங்களுக்கு நகர்ந்தால், பிளாஸ்மாவிடம் தங்குவது ஏ.சி. குழாய்த் தகடும், பழுதுபார்ப்பும், 3 மி.மீ.-க்கு மேற்பட்ட வேலையும்தான். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் மெல்லிய தகடு வெட்டும் பட்டறை டிரையருக்குச் செலவிடுவதா, அந்த வேலையை லேசருக்கு அனுப்புவதா என்பது நாசில் விலை, மின்கட்டணம், போக்குவரத்து ஆகியவற்றைப் பொறுத்து இன்னும் சில ஆண்டுகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.